வனஜாவுக்கு, கொலோனிலிருந்து

அன்புள்ள வனஜா,

கடிதமும் சாம்பார்ப் பொடியும் வந்து சேர்ந்தன. பொடி அம்மா கைப்பக்குவம் என்று திறந்ததுமே தெரிந்துவிட்டது. நீ அரைத்ததாக எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் வேலைக்குப் போகிறான், சின்னவள் இன்னும் அதே பிடிவாதம். உன் நாத்தனார் விஷயத்தில் மட்டும் நீ வாயைத் திறக்காதே, மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் துருக்கிக்காரி, ஃபோனில் உனக்கு வணக்கம் சொன்னாளே, அவளுடைய அப்பா தவறிவிட்டார். அவர்கள் அலெவிகள் என்றும், காரியமெல்லாம் அலெவி சங்க மண்டபத்தில்தான் என்றும் சொன்னபோது நீ கேட்டாய்: "அவங்களும் முஸ்லிம்தானே, எதுக்குத் தனியா ஒரு சங்கம்?" போகிற போக்கில் பதில் சொல்கிற கேள்வியா அது? மண்டபத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. அதனால் இந்தக் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

பெரியவர் துருக்கியில் மராஷ் என்கிற ஊருக்குப் பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். 1961இல் ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு இங்கே வந்து இறங்கிய கூட்டத்தில் ஒருவர். ஓய்வு பெறும்வரை கார் தொழிற்சாலையில் வேலை. ரமலான் மாதம் வந்தால் கேண்டீன் பக்கமே போகமாட்டாராம். அலெவிகள் அந்த நோன்பு இருப்பதில்லை. அவர்களுக்கு முஹர்ரம் மாதத்துப் பன்னிரண்டு நாள்தான் நோன்பு. கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டால் கூட வேலை பார்க்கிற சொந்த நாட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துபோகும். அதனால் உடை மாற்றும் அறையில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் நின்றபடி ரொட்டியைத் தின்றுவிட்டு வருவாராம். ஜெர்மன்காரர்களிடம் அவருக்கு எந்த ஒளிவுமறைவும் இருந்ததில்லை. தன் மொழி பேசுகிறவர்களிடம்தான் பயம்.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததில்லை. அலெவிகள் நபிகளின் மருமகன் அலியைக் கொண்டாடுவார்கள், அவரில் தொடங்குகிற பன்னிரண்டு இமாம்களைக் கொண்டாடுவார்கள், ஹாஜி பெக்தாஷ் வெலி என்கிற ஞானியைக் கொண்டாடுவார்கள். ஐந்து வேளைத் தொழுகைக்கு மசூதிக்குப் போவதில்லை. ஆணும் பெண்ணும் வட்டமாக ஒன்றாக உட்கார்ந்து, சாஸ் என்கிற நீளக் கழுத்து நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாடி, செமாஹ் ஆடி வழிபடுவார்கள். அந்தக் கூடலுக்கு ஜெம் என்று பெயர். ஆணும் பெண்ணும் ராத்திரியில் ஒன்றாக உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? விளக்கை அணைத்துவிட்டுத் தகாத காரியம் செய்கிறவர்கள் என்று நூற்றாண்டுக் கணக்கில் பழி போட்டார்கள். அந்தப் பழி இங்கேயும் விடவில்லை. 2007 டிசம்பரில் ஜெர்மன் தொலைக்காட்சியின் ஒரு துப்பறியும் கதையில், அலெவிக் குடும்பம் ஒன்றில் அப்பனே மகளைக் கெடுத்ததாகக் காட்டினார்கள். ஒரே வாரத்தில் இந்த ஊரில் ஆயிரம் ஆயிரமாய்க் கூடி ஊர்வலம் போனார்கள். அலமாரிக் கதவுக்குப் பின்னால் ரொட்டி தின்ற மனுஷர் அதில் மகளோடு முன்வரிசையில் நடந்திருக்கிறார்.

அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதற்குள்தான் சங்கத்தின் கதை இருக்கிறது. 1978 டிசம்பரில் மராஷில் அலெவிகளை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள்; அரசு கணக்கிலேயே நூற்றுக்கு மேல். 1980இல் ராணுவ ஆட்சி. தப்பித்து ஐரோப்பாவுக்கு வந்தவர்களில் பலர் இடதுசாரிகள். தொழிலாளர் சங்கம் வைத்தார்கள், மாணவர் சங்கம் வைத்தார்கள், அலெவி என்று மட்டும் பெயர் வைக்கவில்லை. 1989இல் ஹாம்பர்க்கில் அலெவி பண்பாட்டு வாரம் நடத்தி, நாங்கள் இன்னார் என்று அறிக்கை விட்டதுதான் திருப்பம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் இங்கே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நம் பெரியவரும் அவருடைய உயிர்த்தோழர் ஒருவரும் மற்ற ஐந்து பேரைத் தேடிப் பிடிக்கவே பட்ட பாடு கொஞ்சமில்லை. வரத் தயார், பெயர் மட்டும் வேண்டாம் என்பார்களாம்.

அப்புறம் 1993 ஜூலை 2. சிவாஸ் நகரில் பீர் சுல்தான் அப்தால் பெயரில் விழா. அவர் ஒட்டோமான் காலத்தில் அதே ஊரில் தூக்கிலிடப்பட்ட அலெவிக் கவிஞர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து திரண்ட கூட்டம், விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த மதிமாக் ஹோட்டலை மணிக்கணக்கில் சூழ்ந்து நின்று கடைசியில் தீ வைத்தது. போலீசும் ராணுவமும் அங்கேதான் இருந்தன. எழுத்தாளர்கள், பாடகர்கள், செமாஹ் ஆட வந்த சின்னப் பிள்ளைகள் என்று 33 பேர், ஹோட்டல் ஊழியர் 2 பேர், உள்ளேயே செத்துப்போனார்கள். இங்கே வீட்டு டிவியில் அதைப் பார்த்தவர்கள், மறுநாள் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்களாம். அந்த ஆண்டுக்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் சங்கம் முளைத்தது. லண்டனில் கூட மையம் எழுந்தது அதே 1993இல்தான்.

இனி நல்ல சேதிகளையும் சொல்கிறேன். 2000 மே மாதம் கொலோன் அரங்கத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாஸ் வாசித்தார்கள். அலெவி என்ற பெயரே வாய்க்குள் சிக்கிக் கிடந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். 2002இல் பெர்லின் பள்ளிகளில் அலெவி சமய வகுப்பு வந்தது, பிறகு மற்ற மாநிலங்களிலும். 2020 டிசம்பரில் எங்கள் மாநில அரசு, கிறிஸ்தவ சபைகளுக்கும் யூத சமூகத்துக்கும் உள்ள அதே சட்டத் தகுதியை இவர்களுடைய கூட்டமைப்புக்குக் கொடுத்தது. சொந்த நாட்டு நிலைமை என்ன தெரியுமா? 1982 அரசியல் சட்டப்படி பள்ளியில் சமய வகுப்பு கட்டாயம், சொல்லிக்கொடுப்பது சுன்னி மார்க்கம். ஜெம் கூடும் இல்லத்தை வழிபாட்டு இடமாக ஏற்பதில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் இது பாகுபாடு என்றே தீர்ப்பு சொன்னது. பெரியவர் பிறந்த ஊரில் கிடைக்காததை அவருடைய பேத்தி கொலோன் பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கிப் படிக்கிறாள்.

இவ்வளவையும் மனசார மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கவலை என்னை விடமாட்டேன் என்கிறது.

போன வருஷம் என் தோழி என்னை ஒரு ஜெம்முக்குக் கூட்டிப்போனாள். தெதே என்கிற பெரியவர்தான் நடத்துவார். அது பரம்பரையாக வருகிற பொறுப்பு. விளக்கேற்றுகிறவர், பெருக்குகிறவர், வாசலைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பன்னிரண்டு சேவைகள். எல்லாவற்றுக்கும் முன்னால் தெதே கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது யார்மீதாவது மனத்தாங்கல் உண்டா, ஒருவருக்கொருவர் சம்மதம்தானா என்று கேட்கிறார். மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்க்காமல் ஜெம் தொடங்கக்கூடாது. தீராவிட்டால் சம்பந்தப்பட்டவர்கள் வெளியேற வேண்டும். வனஜா, பகையை வெளியே வைத்துவிட்டுக் கும்பிட வா என்று எல்லாரும் சொல்வார்கள். பகை தீராமல் வழிபாடே கிடையாது என்று வாசலிலேயே நிறுத்துகிற சமயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிராமத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினவனும் இழந்தவனும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பெரிய மண்டபம், பக்கத்தில் இருப்பவர் பேர்கூடத் தெரியாது. தெதே கேட்டார், எல்லோரும் சேர்ந்து சம்மதம் என்றார்கள், அடுத்ததற்குப் போனார். நிஜமான சண்டைகள் சங்கத்தின் பொதுக்குழுவில் நடக்கின்றன. அதற்கு விதிமுறைப் புத்தகம் இருக்கிறது, ஓட்டுப்பெட்டி இருக்கிறது, தோற்றவரும் ஜெயித்தவரும் சம்மதம் கேட்டுக்கொள்கிற வழக்கம் மட்டும் இல்லை.

பெரியவருக்கும் அந்த உயிர்த்தோழருக்கும் அப்படித்தான் பிரிந்தது. அலெவி நெறி இஸ்லாத்துக்கு உள்ளா வெளியா என்று சங்க விதியில் என்ன எழுதுவது என்பதில் சண்டை. சர்க்காருக்கு விண்ணப்பம் போட்டால், நீங்கள் யார், உங்கள் கொள்கை என்ன, யார் உங்கள் பிரதிநிதி என்று கேட்கும் அல்லவா? பாட்டிலும் பரம்பரையிலும் வாழ்ந்த நெறி அது. ஒவ்வொரு மலைக்கும் ஒரு முறை. அதை ஒரு பத்தியில் எழுதிக்கொடு என்றால் வீடு இரண்டாகத்தான் செய்யும். ஆஸ்திரியாவில் 2013இல் இஸ்லாமிய அலெவி என்ற பெயரில் ஒரு சபைக்கு முழு அங்கீகாரம் கிடைத்தபோது, நாங்கள் இஸ்லாத்துக்குள் இல்லை என்கிறவர்கள் தனியாகப் போராட வேண்டியதாயிற்று. இங்கே இவர்கள் இருவரும் ஒரே வீதியில் இருந்துகொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள். அந்த மனுஷர் மண்டபத்துப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

சாவுக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் தெதே மூன்று முறை கேட்டார்: இவர்மீது உங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? கூட்டம் கொடுத்தோம் என்றது. மூன்றாவது முறை அந்தப் பழைய தோழர் மட்டும் கையைத் தூக்கி, "நான் கொடுத்துவிட்டேன். இவன் எனக்குக் கொடுத்தானா என்று யார் சொல்வது?" என்றார். தெதேக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. என் தோழிதான் எழுந்துபோய் அவர் தோளில் முத்தமிட்டு, "அப்பாவுக்காக நான் கொடுக்கிறேன்" என்றாள். முறைப்படி அது செல்லுமா என்று பின்னால் இரண்டு பெரியவர்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. செல்லும் வனஜா. அது செல்லாவிட்டால் அந்தக் கட்டடமும் அங்கீகாரமும் எதற்கு?

அதற்காகச் சங்கமே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதே. சங்கம் இல்லையென்றால் அந்தப் பெட்டி ஏதோ ஒரு வாடகை அறையில் இருந்திருக்கும். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தின் மையமே மராஷ் பக்கத்துப் பஸார்ஜிக்தான். அன்றைக்கு ராத்திரியே இந்த மண்டபத்தில் போர்வையும் கூடாரமும் மலையாகக் குவிந்ததைக் கண்ணால் பார்த்தேன். முஹர்ரம் நோன்பு முடிந்து கோதுமை, கொண்டைக்கடலை, உலர்பழமெல்லாம் போட்டுக் காய்ச்சுகிற அஷுரே, நம் பாயசம் மாதிரி இருக்கும், தெருவில் உள்ள ஜெர்மன் வீடுகளுக்கெல்லாம் போகிறது. இதையெல்லாம் செய்ய ஆள் பலமும் கணக்குப் புத்தகமும் வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்வியை நிஜமாகக் கேட்கிற இடமாகவும் அது இருக்க வேண்டும். சின்னச் சின்னக் குழுவாக, முகம் தெரிந்தவர்கள் மட்டும் கூடுகிற ஜெம் நடத்தலாம் என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்களாம். நிர்வாகத்தில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை, கூட்டம் சிதறிவிடும் என்று பயம். எனக்கென்னவோ அந்தப் பிள்ளைகள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.

வரும் மாதம் சங்கத் தேர்தல். தோழியை நிற்கச் சொல்கிறார்கள். அப்பாவைத் தின்ற சண்டை என்னையும் தின்றுவிடும் என்று தயங்குகிறாள். நீ நில், அந்த இளைஞர்கள் கேட்பதை முதல் கூட்டத்திலேயே எடு என்று நான் தினமும் அரித்துக்கொண்டிருக்கிறேன். நம் தெருக் கோயில் கமிட்டியில் பத்து வருஷம் குப்பை கொட்டினவள் நீ, உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நழுவாமல் ஒரு பதில் எழுது. அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சுந்தரி டீச்சரைப் பார்த்தால் கேட்டதாகச் சொல். அடுத்த பார்சலில் வடகம் வேண்டும்.

உன்
மாலதி