கட்டில் ஓரத்து மேசை

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

வீடியோ காலில் உன் மனைவி கையில் கன்றிப்போன தடத்தைப் பார்த்தேன். அலமாரியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். இருக்கட்டும். அப்பாவைப் போலவே நீயும் கனவு கண்டு தூக்கத்தில் கைகால் வீசுகிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கட்டில் ஓரத்து மேசையை முதலில் நகர்த்திவிடு. மெத்தையைத் தரையில் போடு. கண்ணாடி டம்ளர், விளக்கு, கத்தரிக்கோல் எதுவும் கைக்கு எட்டக்கூடாது. ஜன்னலை ஒட்டிப் படுக்காதே. இது அடங்கும்வரை அவள் தனிப் படுக்கையில் படுக்கட்டும். அதில் வெட்கம் என்ன? நடுவில் தலையணை போட்டால் போதும் என்று நினைக்காதே. அப்பாவின் உதைக்குத் தலையணை எம்மாத்திரம்!

கனவு வரும் தூக்கத்தில் மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கும். அந்தக் கட்டு விட்டுப்போனால், கனவில் ஓங்குகிற கை நிஜத்திலும் ஓங்கும். அந்தத் தூக்கம் பின்னிரவில்தான் நீளும், அதனால்தான் மூன்று, நான்கு மணிக்கு அமளி. தூக்கத்தில் நடப்பவர்கள் முன்னிரவிலேயே எழுவார்கள். எழுப்பினால் மலங்க மலங்க விழிப்பார்கள். இதில் அப்படியில்லை, விழித்ததும் தெளிந்து கனவைச் சொல்வார்கள். அவளிடம் சொல்லிவை: எட்டி நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தொட்டு உலுக்கக்கூடாது. தொடுகிற கையைத்தான் கனவில் வந்த திருடன் கை என்று முறுக்குவது.

தூக்க மருத்துவரைப் பார். இரவு முழுக்க வீடியோவோடு தூக்கப் பரிசோதனை செய்வார்கள். குறட்டையில் மூச்சு அடைபட்டாலும் இதேபோலக் கைகால் வீசும், அதற்கு வைத்தியமே வேறு. இதற்குக் கொடுக்கும் மாத்திரை மெலடோனின் என்றால் பெரும்பாலும் 3 மில்லிகிராமில் தொடங்கிக் கூட்டுவார்கள். குளோனாசெபாம் என்ற மாத்திரையை 0.25, 0.5 மில்லிகிராம் என்று கொடுப்பதும் உண்டு. மூச்சடைப்பு இருந்தால் குளோனாசெபாம் அதை இன்னும் மோசமாக்கும். பரிசோதனைக்கு முன் யாரிடமாவது வாங்கி விழுங்கிவிடாதே.

உன் வயதில் வந்தால் மருத்துவர் முதலில் விசாரிப்பது மாத்திரைகளைத்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் இதைக் கிளப்பிவிடும். நீ எடுக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. எடுத்தால் நீயாக நிறுத்தாதே. மாற்றுவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்தவர் வேலை. அவரிடம் எதையும் மறைக்காதே. தினம் குடித்துவிட்டுத் திடீரென விட்டாலும் இது வரும். அதையும் நான் கேட்கவில்லை.

அப்பாவை நினைத்துப் பயப்படாதே. ஐம்பது தாண்டி, காரணம் ஏதுமின்றி வருபவர்களில்தான் பலருக்குப் பிற்பாடு பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வருகிறது. மாத்திரையால் கிளம்பினால் அந்த ஆபத்து குறைவு. அப்பா இரவில் கத்தியதைக் கெட்ட கனவு என்று வருஷக்கணக்கில் மூடி மறைத்தவள் நான்தான். என் கையில் தடம் கிடந்தபோது நானும் அலமாரி என்றுதான் சொன்னேன்.

மேசையை இன்றைக்கே நகர்த்து. நகர்த்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அம்மா