ஆக்சிமீட்டர் 98 காட்டும்போதும் எங்களுக்கு மூச்சு முட்டும்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும்,

வணக்கம். எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் இருக்கிறது. வெளியே பெயரைச் சொன்னால் திருப்பிக் கேட்பார்கள். நீங்கள் படிக்கும் காலத்தில் ஒரு பக்கமாவது பார்த்திருப்பீர்கள். தசையை இயக்க நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. காலையில் திறந்திருக்கும் இமை மாலையில் சரியும். பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோகும். இதோடெல்லாம் வாழப் பழகிவிட்டேன். பழக முடியாதது சளிக்காய்ச்சல்.

மற்றவர்கள் நாலு நாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துவிடுகிற அதே வைரஸ் எங்களை வென்டிலேட்டர் வரைக்கும் கொண்டுபோகும். எங்களில் 100 பேரில் 15 முதல் 20 பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது மயஸ்தீனிக் கிரைசிஸ் என்கிற மூச்சுத் தசை முடக்கத்தைச் சந்திக்கிறோம். அதைத் தூண்டிவிடுவதில் முதலிடம் தொற்றுக்குத்தான். காய்ச்சலின் சூடே நரம்பு-தசைத் தொடர்பை இன்னும் மந்தமாக்கும். சளி சேரும், அதை இருமித் துப்பத் தெம்பிருக்காது. போதாததற்கு நாங்கள் விழுங்குகிற ஸ்டீராய்டும் அசதயோபிரினும் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும்.

போன முறை இரண்டு நாள் சளியோடு வந்து உங்களைப் போன்ற ஒருவர் முன்னால் உட்கார்ந்தேன். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றார். என் முகத்திலும் பதற்றம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பதற்றத்தைக் காட்டுவதற்கும் முகத்தில் தசை வேண்டுமே! இசிஜி எடுக்க மல்லாந்து படுக்கச் சொன்னபோது மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். விடியற்காலையில் திரும்பி வந்தபோது குரல் மூக்கால் வந்தது, குடித்த தண்ணீரும் மூக்கால் வந்தது. அப்புறம் 9 நாள் தொண்டையில் மூச்சுக் குழாய். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த 98-ஐ நானும்தான் நம்பினேன்.

எங்கள் நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; அதை ஊதும் துருத்திதான் ஓய்ந்துபோகிறது. அதனால் முதலில் கரியமில வாயு தேங்கும், ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும். இறங்கும்வரை காத்திருந்தால் நேரம் போய்விட்டது என்று பொருள். கழுத்துத் தசை இழுத்து மூச்சு வாங்குவதையும் எதிர்பார்க்காதீர்கள், அந்தத் தசையும் எங்களுக்குத் தளர்ந்துதான் இருக்கும்.

அதற்குப் பதிலாக, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20-ஐத் தாண்ட முடியாவிட்டால் கவலைப்படுங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். கழுத்து தளர்ந்திருந்தால் உதரவிதானமும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் இருந்தால் எஃப்விசி, அதாவது முழுக்க இழுத்து வேகமாக ஊதித் தள்ளும் காற்றின் அளவு, பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் எங்கள் இடம் ஐசியூதான். ஒரு முறை அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் இது களைக்கக் களைக்கக் கூடுகிற நோய். இரண்டு மணி நேரத்தில் நான் வேறு ஆளாக இருப்பேன்.

சரி, மருந்துச் சீட்டுக்கு வருகிறேன். சளி என்றதும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதுவது கைப்பழக்கம். வைரஸுக்கு அது வேலை செய்யாது என்பது உங்களுக்கே தெரியும். எங்களுக்கு அது தசையை மேலும் தளர்த்தவும் செய்யலாம். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் அப்படித்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் அந்த வகை மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையே போட்டது, எங்களைக் குறிப்பிட்டு. ஜென்டாமைசினும் வேண்டாம். ஆஸ்துமா இழுப்பு என்று நினைத்து ரத்தக்குழாய் வழியாக மக்னீசியம் ஏற்றிவிடாதீர்கள், அது எங்களைச் சாய்த்துவிடும். பாக்டீரியா சேர்ந்துகொண்டு, வேறு வழியே இல்லாமல் இவற்றில் ஒன்றைக் கொடுக்க நேர்ந்தால், மூச்சைக் கண்காணிக்க வசதியுள்ள இடத்தில் வைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் தசைக்குத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரைக்கு நேரம் உண்டு. வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து அந்த வேளையைத் தவறவிட்டால், விழுங்கும் சக்தியே போய்விடும். பிறகு மாத்திரையையும் விழுங்க முடியாது. ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். எங்கள் நரம்பியல் மருத்துவருக்கு அந்த நேரத்திலேயே ஒரு போன் போடுங்கள். கிரைசிஸுக்குக் கொடுக்கும் ஐவிஐஜி (ரத்தத்தில் ஏற்றும் எதிர்ப்புப் புரதம்), பிளாஸ்மா மாற்று (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது) இரண்டுமே வேலை செய்ய நாள் பிடிக்கும், அதனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

என் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். நோயின் பெயர், மருந்துகள், கொடுக்கக் கூடாதவை, நரம்பியல் மருத்துவரின் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது என்னால் பேச முடியாமல் போகலாம். கையை நீட்டிக் காட்டினால், தயவுசெய்து எடுத்துப் படியுங்கள்.

இப்படிக்கு,
மயஸ்தீனியாவோடு வாழும் ஒருவர்