பில்லுல மட்டும் பிரேக் ஆயில் மாத்தியிருக்கிய

மேனேஜர் அண்ணாச்சிக்கு வணக்கம்,

போன மாசம் உங்க கடையில என் பிக்கப்புக்கு பிரேக் அப்கிரேடு பண்ணுனேன்லா, முன்னால வரி போட்ட டிஸ்க், ஹெவி டூட்டி பேடு, பின்னால டிரம்முக்கு புது லைனர், டாட் 4 பிரேக் ஆயில் ஃபுல் சேஞ்ச், எல்லாஞ்சேத்து 38,500 ரூவா, பில்லு எங்கிட்ட இருக்கு. நான் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுதவன், டிரெய்லரோட ரெண்டு டன்னுக்கு கிட்ட இழுக்கிற வண்டின்னு மொத நாளே சொன்னேன். டிரெய்லருக்கு தனி பிரேக் கெடையாது, அதுக்கும் போடணுமான்னு கேட்டதுக்கு இந்த டிஸ்க்கே போதும்னு சொன்னது உங்க கடைப் பையன்தான்.

ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஜெனரேட்டர் கொண்டு போய்ட்டு கீழ எறங்குதேன். ரெண்டாவது கியர்லதான் வந்தேன், அந்த ரோடு எனக்கு புதுசில்ல. பாதி எறக்கத்துல பெடலு பஞ்சு கணக்கா அமுங்குச்சு, அடுத்த வளைவுல தரைக்கே போய்ட்டு, பின்னால டிரெய்லர் தள்ளுது, முன்னால ஆளுகளோட ஒரு வேன் நிக்கி, ஒண்ணாவது கியரப் போட்டு ஹேண்ட் பிரேக்க இழுத்து மண்மேட்டுல ஏத்தித்தான் நிப்பாட்டுனேன். அய்யனாரு புண்ணியம்.

அரை மணி நேரங்கழிச்சு மிதிச்சா பெடலு பழையபடி கல்லு மாதிரி நிக்கி! அத உங்ககிட்ட கொண்டாந்தா வண்ணார்பேட்டையில வெறும் வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு கம்ப்ளைன்ட் ஒண்ணுமில்லங்கிய. சூடு ஆறுன வண்டியில என்னத்தத் தெரியும்?

அம்பாசமுத்திரத்துல தெரிஞ்ச மெக்கானிக் வீல்கிட்ட ஆயில வெளிய விடுத காலிப்பர் நிப்பிளத் தொறந்தா டிக்காஷன் கணக்கா கறுப்பா வருது, மேல ஆயில் டப்பாவுல மட்டும் புது ஆயில். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரைக்கும் தாங்கும், தண்ணி இழுத்த பழசு 155 பக்கமே கொதிச்சிரும்னாரு. கொதிச்சா குமிழி வரும், மிதிச்சா அந்தக் குமிழிதான் அமுங்கும், பிரேக் எங்க பிடிக்கும்? நீங்க டப்பாவுல உள்ளத உறிஞ்சிட்டு மேலாக்க ஊத்திருக்கிய, பைப் லைனுல ஒண்ணையும் தொடல.

டிஸ்க்கு பேடு மேல எனக்கு குறையில்ல, நல்ல சாமான்தான். ஆயிலுக்கும் அதுக்கான கூலிக்கும் வாங்குன காசத் திருப்பித் தாங்க, நாலு வீல்லயும் பழசு முழுக்க வெளிய வர்ற வரைக்கும் என் கண்ணு முன்னால பிளீடிங் பண்ணுங்க, பெறவு டிரெய்லர மாட்டி உங்க ஆளு ஒருத்தரு எங்கூட காரையாறு எறக்கத்துல வந்து உக்காரணும். டிரெய்லர் பிரேக்குக்கும் என்ன ரேட்டுன்னு சொல்லுங்க, அது என் செலவு.

வர்ற செவ்வாக்கெழம முக்கூடல் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு வண்டி போவணும், ஞாயித்துக்கெழமைக்குள்ள போன் பண்ணுங்க.

இப்படிக்கு,
ஜெனரேட்டர் வண்டிக்காரன்,
பாளையங்கோட்டை