பெரியப்பாவுக்கு ரவைக்கூடுகள் பற்றி ஒரு கடிதம்

ரொறன்ரோ

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

நானும் வீட்டாரும் நல்ல சுகம். நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்க வேண்டும். உங்கள் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. வங்கிக் காசு கொண்டுசெல்லும் வண்டியில் எனக்கு வேலை என்பதும், இடுப்பில் கைத்துப்பாக்கி கட்டிக்கொண்டே அந்த வேலையைச் செய்கிறேன் என்பதும் உங்கள் மனதை வருத்தியிருப்பதை உணர்ந்தேன். துப்பாக்கிக் குண்டுகளான ரவைகளை நிரப்பித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டிதான் ரவைக்கூடு; அந்தச் சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லிய ஊரில் வளர்ந்தவன் நான்; உங்கள் கவலை எனக்குப் புரியாதது அல்ல. ஆனாலும், "அதிலே நீ பொறுப்பாகப் பார்க்கிற வேலைதான் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் எழுத விரும்புகிறேன்.

முதலில் இந்த நாட்டின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் கைத்துப்பாக்கியை நினைத்தபடி யாரும் இடுப்பில் கட்டித் திரிய முடியாது. எங்களைப் போன்ற தொழிலாளருக்கு அதற்கெனத் தனி அனுமதிப் பத்திரம் உண்டு. 2022 ஒக்ரோபர் 21 முதல் பெரும்பாலான தனியாட்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவதும் நிறுத்தப்பட்டுள்ளது. சாதாரணமாகக் கைத்துப்பாக்கியின் ரவைக்கூட்டில் 10 ரவைகளுக்கு மேல் கொள்ளக்கூடாது என்பதும் இங்குள்ள சட்டம். இந்தப் பத்து என்ற கணக்கு பின்னால் வரும் கதைக்குத் தேவைப்படும்.

எங்கள் நிலையத்தில் ரவைக்கூடுகளைப் பரிசோதித்து, எதை வேலைக்கு அனுப்பலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் பொறுப்பைச் சென்ற வருடம் என்னிடம் தந்தார்கள். அந்தச் சாமானை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். தகட்டை மடித்துச் செய்த ஒரு நீளப் பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பிறிங், ஸ்பிறிங்கின் தலையில் ரவைகளைத் தாங்கி மேலே தள்ளும் ஒரு தட்டு, கீழே கழற்றக்கூடிய ஓர் அடித்தட்டு, மேல்வாயில் ரவை வெளியே பாயாமல் பிடிக்கும் இரண்டு உதடுகள், அவ்வளவுதான். ஆனால் ஒரு வெடி தீர்ந்து, துப்பாக்கியின் மேற்பகுதியான சிலைட் பின்னே போய் முன்னே வருவதற்குள், கண் இமைப்பதிலும் குறைந்த நேரத்தில், அந்த ஸ்பிறிங் அடுத்த ரவையைச் சரியான உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும். உதடுகள் அதைச் சரியான சாய்வில் பிடித்து, சரியான கணத்தில் விட வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் துப்பாக்கி நின்றுவிடும். உங்கள் கடைக்குத் தையல் மெசினைத் தூக்கிவந்து "மெசின் பழுது" என்பவர்களிடம், நீங்கள் மெசினைத் தொடாமல் பொபின் கூட்டைக் கழற்றி, அதிலுள்ள மெல்லிய தகட்டு ஸ்பிறிங்கைப் பார்ப்பீர்களே, அதே கதைதான் இதுவும். துப்பாக்கி அடைத்துக்கொண்டது என்று என்னிடம் கொண்டுவரும் வேளைகளில் நான் முதலில் கழற்றுவது ரவைக்கூட்டைத்தான்.

மாசி மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வருடாந்தச் சூட்டுப் பயிற்சியில் எங்கள் குழுப் பெடியன் ஒருவனுக்கு மூன்றாவது ரவையைச் சுட்டதும் துப்பாக்கி அடைத்தது. நான்காவது ரவையின் மூக்கு நிமிராமல் கீழே குத்தி, குழலுக்கு ஏறும் சரிவில் முட்டி நின்றது. அவன் முகம் வெளிறிவிட்டது. தன் பிடியில் குறையென்று நினைத்து மன்னிப்புக் கேட்டான். நான் அவனுடைய ரவைக்கூட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தில் 14 என்று நான் வர்ணத்தால் எழுதிய இலக்கம். மலிவாகக் கிடைக்கிறதென்று நிலையத்தில் வாங்கிய ஒரு தொகுதியில் அதுவும் ஒன்று. நீங்கள் சொல்லித்தந்தபடி ஸ்பிறிங்கின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு அடித்தட்டை நழுவவிட்டேன். இல்லாவிட்டால் அது பாய்ந்து கண்ணைக் குத்தியிருக்கும். உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அது முதலில் 10 ரவைக்கு மேல் கொள்ளும்படி செய்யப்பட்ட கூடு. இந்த நாட்டுச் சட்டத்துக்காகப் பக்கச்சுவரில் ஒரு றிவெற் ஆணியை அறைந்து, தட்டு அதற்கு மேல் கீழே இறங்காதபடி செய்திருந்தார்கள். அந்த ஆணியின் தலை உள்ளே மழமழப்பாக இல்லாமல் ஒரு பக்கம் பிசிறடித்திருந்தது. ஸ்பிறிங்கின் ஒரு சுற்று அந்தப் பிசிறில் மாட்டிமாட்டி விடுபட்டதற்கு அடையாளமாக, கம்பியில் வெள்ளிக்கோடு போல ஒரு கீறல். மாட்டிய கணத்தில் தட்டு தயங்கியிருக்கிறது, சிலைட்டோ தயங்கவில்லை.

அன்றிலிருந்து, 10 ரவைக்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்ட கூடு கிடைக்குமானால், ஆணி அறைந்து சுருக்கிய கூட்டை நான் கேட்பதில்லை. ஆணி அறைந்ததுதான் உண்டென்றால், ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே விரலால் தடவிப் பார்க்காமல் கையெழுத்து வைப்பதும் இல்லை.

எந்தக் கூட்டை வாங்குவது என்பதில் என் முதல் விடை, துப்பாக்கியைச் செய்த நிறுவனமே தரும் கூடு என்பதுதான். அதன் பின்னாலும் ஒரு செய்தி இருக்கிறது. பல துப்பாக்கி நிறுவனங்கள் ரவைக்கூட்டைத் தாமே செய்வதில்லை. இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியா என்ற ஊரில் 1965 முதல் இயங்கும் மெக்-கார் நிறுவனம், பெயர்பெற்ற பல நிறுவனங்களுக்குக் கூடு செய்து கொடுக்கிறது. 1526 ஆம் ஆண்டிலேயே துப்பாக்கிக் குழல் விற்ற பெரெற்றாவும் அதே ஊர்தான். ஆகவே மெக்-கார் முத்திரையோடு வருவதை மாற்றுச் சாமான் என்று தள்ளிவிடுவது அறியாமை. எங்களிடம் உள்ளவற்றில் அந்த முத்திரையுள்ள ஒன்றுகூட இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

அதேநேரம், பெயரும் பழமையும் மட்டும் போதாது. 1982 இல் ஒஸ்ரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் துப்பாக்கியின் ஆரம்பகாலக் கூடுகளில் பிளாஸ்ரிக் உடம்பின் ஒரு பகுதிக்கு மட்டுமே உலோக உறை இருந்தது. ரவை நிரப்பியதும் அவை சற்றே புடைத்து, கூட்டை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாலும் தாமாகக் கீழே விழாது. பின்னர் உடம்பு முழுவதற்கும் உலோக உறை வைத்தார்கள். அமெரிக்க இராணுவத்தின் எம்9 துப்பாக்கியின் கதை இன்னும் கசப்பானது. துப்பாக்கி நல்லதுதான், ஆனால் அரசு கேட்ட விவரத்தின்படி சொரசொரப்பான பொஸ்பேற் பூச்சுப் பூசிய கூடுகள் ஈராக்கின் மாவு போன்ற மணலைப் பிடித்துக்கொண்டன, தட்டு மேலே வராமல் துப்பாக்கிகள் நின்றன. ஒரு பூச்சின் சொரசொரப்பு ஒரு போர்வீரனைத் தனியே நிறுத்திவிட முடியும் என்று வாசித்த அன்று, எனக்கு நித்திரை வரவில்லை.

சூட்டுத் திடலில் எனக்குப் பழக்கமான ஒரு முதியவர் கோல்ற் எம்1911 என்ற கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். ஏழு ரவைக்கென வகுத்த கூட்டின் அதே நீளத்துக்குள் எட்டாவதையும் நுழைக்கும் கூடுகள் கடையில் கிடைக்கின்றன. அவரிடம் இரண்டு வகையும் உண்டு. எட்டு ரவைக் கூட்டில் ஸ்பிறிங்குக்கு இருக்கும் இடம் குறைகிறது. நல்ல கைக்காரர் செய்தால் அதுவும் ஓடும். சாதாரணக் கை செய்தால் கடைசி ரவை சரியாக ஏறாது, அல்லது முழுதாக நிரப்பிய கூடு துப்பாக்கிக்குள் இறுகிப் பூட்டாது. அவர் ஏழையே விரும்புகிறார், நானும் அதைத்தான் சொல்வேன். ரவையின் மூக்கும் ஒரு காரணி. உருண்டை மூக்கு வழுகி ஏறும் கூட்டில், நாங்கள் வேலைக்குக் கொண்டுபோகும் குழிமூக்கு ரவை முட்டக்கூடும். ஆகையால் எந்த ரவையைக் கொண்டு திரிகிறோமோ அந்த ரவையைக் கொண்டே கூட்டைச் சோதிக்க வேண்டும்.

எண்ணெய் விடயத்தில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம். எதையும் எண்ணெய் விட்டு வைக்கச் சொல்வீர்கள். ரவைக்கூட்டின் உள்ளே எண்ணெய் விடக்கூடாது, பெரியப்பா. அது தூசையும் உடுப்புப் பஞ்சையும் பிடிக்கும். இங்குள்ள பனிக்குளிரில் களியாகும். ரவையின் பின்புற வெடிமூட்டிக்குள் கசிந்தால் ரவையே பழுதாகலாம். வீதியில் தூவும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்கிறது என்பது உண்மை; அதற்காக வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்கிறேன். உள்ளே உலர்ந்த தூரிகை மட்டும். நிரப்பிவைத்தால் ஸ்பிறிங் தளர்ந்துவிடும் என்று இங்கும் பலர் நம்புகிறார்கள். நல்ல கம்பியை அதிகம் தளர்த்துவது அமுங்கி இருப்பது அல்ல, அமுங்கி விரிவதுதான்.

சோதிக்கும் முறையில் நான் அவசரப்படுவதில்லை. புதிய கூடு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இடுகிறேன். முழுதாக நிரப்பி, சிலைட் மூடியிருக்கும்போதே தட்டிப் பூட்டுகிறதா என்று பார்க்கிறேன். வெறுமையானதும் பொத்தானை அழுத்தினால் துப்பாக்கியில் சிக்காமல் விழுகிறதா, கடைசி ரவை தீர்ந்ததும் சிலைட் பின்னால் நின்று பூட்டுகிறதா என்றும் கவனிக்கிறேன். பிறகு ஒவ்வொன்றையும் முழுதாக நிரப்பி ஐந்து தடவை சுடுகிறேன். ஐம்பது ரவையில் ஒரு தடை வந்தாலும் கொப்பியில் இலக்கத்தோடு எழுதுகிறேன். அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் அந்தக் கூடு வேலைக்குப் போகாது. பயிற்சியில் சீமெந்துத் தரையில் விழுத்திப் பழகும் கூடுகளை வேலைக் கூடுகளோடு கலப்பதில்லை, ஏனெனில் விழுந்த கூட்டின் உதடு மயிரிழை விரிந்தாலும் இரண்டு ரவை ஒன்றாகப் பாயக்கூடும்.

ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியபோது, உங்கள் கடையில் எந்தத் தகட்டையும் எறிந்து நான் பார்த்ததில்லை. வளைந்ததை நிமிர்த்தினீர்கள், உடைந்ததை வெட்டி வேறொன்றாக்கினீர்கள். அந்தக் கை எனக்கும் வந்திருப்பதால்தான் இந்த வேலையைத் தந்தார்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் உதடு விரிந்த கூட்டை நான் குறட்டால் நிமிர்த்துவதில்லை. ஒருமுறை வளைந்த தகடு அதே இடத்தில் மறுபடி விரியும். அது எப்போது விரியும் என்பதை முன்கூட்டிப் பார்க்க முடியாது. ஸ்பிறிங்கை மாற்றுவேன், தட்டை மாற்றுவேன், உதடு போனால் விடமாட்டேன். 14 ஆம் இலக்கத்தை இடுக்கியில் வைத்து நசுக்கியே குப்பையில் போட்டேன், வேறு ஒருவர் எடுத்துப் பூட்டிவிடக்கூடாது என்பதற்காக. அந்தத் தொகுதியில் மிஞ்சியிருந்த அனைத்தையும் திறந்து பார்த்தேன். பிசிறுள்ள ஆணி இன்னும் மூன்றில் இருந்தது.

அடுத்த கிழமை புதிய கூடுகள் 24 வருகின்றன. அந்தப் பெடியனையே என்னோடு இருத்தி, அடித்தட்டைக் கழற்றும்போது பெருவிரலை எங்கே வைப்பது என்பதிலிருந்து சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பெரியம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது, துப்பாக்கியை நான் இதுவரை வேலையில் உறையை விட்டு எடுத்ததில்லை என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பான பெறாமகன்