மலை வெயிலும் தொப்பியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உறைபனிக் காலத்தில் நீலகிரிப் பள்ளிகளில் காலைப் பிரார்த்தனையை வெயில் விழும் மைதானத்தில்தான் நடத்துவார்கள். பிள்ளைகளுக்கு அது இதம். கோத்தகிரியில் படிக்கும் என் தங்கை மகனுக்கு மட்டும் அந்த வெயில் ஆகாது.

அவனுக்குப் பிறவியிலேயே போர்பிரியா. அதில் பல வகை உண்டு; அவனுக்கு வந்திருப்பது, பத்து லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத பரம்பரை வகை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் உருவாக வேண்டிய இடத்தில் ஒரு நொதி குறைவதால், ஹீமாக மாறாத போர்பிரின் என்னும் பொருள் உடம்பில் தேங்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் அது தோலைப் புண்ணாக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது மூத்திரம் நனைத்த துணியில் இளஞ்சிவப்பாகக் கறை படியும். சூட்டு உடம்பு என்று சீரகத் தண்ணீர் கொடுத்தோம். இப்போது மூக்கிலும் கன்னத்திலும் கொப்புளம் உடைந்து, பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் குழித் தழும்பு. லேசாக இடித்துக்கொண்டாலே புறங்கைத் தோல் உரிகிறது.

"இந்தக் குளிர்ல எந்த வெயில் சுடப்போகுது?" என்று பள்ளியில் கேட்கிறார்கள். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியோ 2240 மீட்டர் உயரம். போதாததற்கு, போர்பிரினை உசுப்பிவிடும் ஊதா ஒளி ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, அகலத் தொப்பி இவைதான் அவனுக்குக் காவல். அந்தத் தொப்பியைத்தான், சீருடையில் இல்லை என்று கழற்றச் சொல்கிறார்கள்.

"அக்கா, மூஞ்சியப் பாத்து ஒதுங்குறவங்களக்கூடப் பொறுத்துக்குவேன், இத எப்படிப் பொறுக்குறது?" என்று தங்கை அழுகிறாள்.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு எதுவும் வராது. தங்கை அத்தை மகனைக் கட்டியதைச் சிலர் குத்திக்காட்டுகிறார்கள். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மையே. ஆனால் தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணுக் கோளாறு இருந்துவிட்டால், அந்நியத்தில் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவளைப் பழித்து என்ன பயன்?

தலைமை ஆசிரியர்களே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் பள்ளியில் இருந்தால் தொப்பியோடும் கையுறையோடும் இருக்க விடுங்கள். பிரார்த்தனை நேரத்தில் வகுப்பிலேயே இருக்கட்டும். ஜன்னலோரப் பெஞ்சு வேண்டாம். கைக்குழந்தையின் துணியில் இளஞ்சிவப்புக் கறை கண்ட தாய்மார்கள், எங்களைப் போல நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டி, போர்பிரின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
கோத்தகிரி.