ஜன்னலைத் திறக்க ஓர் உத்தரவு: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஆகஸ்ட் 29, 2021

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். 22 வருட சர்வீஸ். சர்க்கரை உண்டு, வீட்டில் 76 வயது அம்மா இருக்கிறார். இதையெல்லாம் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வருகிற புதன்கிழமை, செப்டம்பர் 1, பள்ளி திறக்கிறது. 9 முதல் 12 வரை பிள்ளைகள் வரப்போகிறார்கள். திறக்காதீர்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. திறந்தே ஆக வேண்டும். சென்ற வருடம் மார்ச்சில் கொரோனாவால் மூடியதிலிருந்து 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குள் இருந்தது இந்த வருடம் பிப்ரவரி 8-லிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை, வெறும் ஆறு வாரம். என் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடுகிற ஒரு பையன் இப்போது சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான், போன் செய்தால் "சம்பளம் வருது டீச்சர்" என்கிறான், அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பிள்ளைக்கு நிச்சயம் செய்யப் பார்த்தார்கள், நாங்கள் மூன்று டீச்சர்கள் வீட்டுக்கே போய்ப் பேசி நிறுத்தினோம். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் இருந்தது, ஆனால் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிற வீட்டில் அதெல்லாம் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை. பள்ளியைத் திறப்பது பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது.

எப்படித் திறக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

முந்தாநாள், ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கலிபோர்னியாவில் மரின் என்ற மாவட்டம், ஒரு தொடக்கப் பள்ளி, இந்த மே மாதம் நடந்தது. தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியருக்கு மூக்கடைப்பும் அசதியும் வந்திருக்கிறது, ஏதோ ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்கு வந்து பாடம் நடத்தியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும்போது மட்டும் மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறார். வகுப்பில் 24 பேர், 22 பேருக்குப் பரிசோதனை செய்ததில் 12 பேருக்குத் தொற்று. முதல் இரண்டு வரிசையில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு. பெஞ்சுகளுக்கு நடுவே 6 அடி இடைவெளி இருந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருந்தது, காற்றை வடிகட்டும் கருவியும் இருந்திருக்கிறது. ஆசிரியருக்கு ஊசி போட்டிருந்தால், உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்திருந்தால், மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்திருந்தால், இவ்வளவு தூரம் போயிருக்காது.

அதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. அந்த டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நாங்கள் எல்லாரும் அவர்தான். லேசான சளி, தலைவலி என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவதுதான் எங்கள் பழக்கம், அதற்குத்தான் இத்தனை வருடம் நல்ல பெயரும் கிடைத்திருக்கிறது. ஆசிரியரின் பாதுகாப்பு வேறு, பிள்ளைகளின் பாதுகாப்பு வேறு என்று யாராவது நினைத்தால் அந்த 12 பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நாங்கள் எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை.

முதலில் விடுப்பு. எங்களைப் போல நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். எங்கள் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிற பகுதிநேர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், மே மாதம் அதுவும் கிடையாது. அவருக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தால், பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் இருங்கள் சார் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் வேலை பார்ப்பவர்கள், கழிவறை சுத்தம் செய்கிற அக்கா, சத்துணவு அம்மாக்கள், இவர்கள் எல்லாரும் அதே வளாகத்தில் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அறிகுறி இருந்தால் வீட்டில் இருக்கலாம், ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்க மாட்டோம், இது எல்லாருக்கும் பொருந்தும் என்று எழுத்தில் ஒரே ஒரு வரி வேண்டும். வாய்மொழியாக வேண்டாம். வாய்மொழி என்பது தலைமை ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது, அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் மேலே கேட்க ஆள் இருக்கிறார்கள்.

அடுத்தது இடைவெளி. நான் கணக்கு டீச்சர் என்பதால் இதை மட்டும் கணக்காகவே சொல்கிறேன். எங்கள் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. 6 அடி இடைவெளி விட்டுக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வைத்துப் பாருங்கள். ஒரு வரிசைக்கு 4 புள்ளி, நான்கு வரிசைக்கு 16. அதுவும் முதல் வரிசை கரும்பலகைச் சுவரை ஒட்டி இருக்கும், கடைசி வரிசை பின்சுவரை ஒட்டி இருக்கும். நான் நிற்கவும் கரும்பலகைக்கும் இடம் விட்டால் மிஞ்சுவது 12. வழிகாட்டு நெறிமுறையோ ஓர் அறைக்கு 20 பேர் என்கிறது. 20 பேரும் உட்கார வேண்டும், 6 அடியும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று தாளில் மட்டும்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்ததும் "ஏன் இடைவெளி கடைப்பிடிக்கவில்லை" என்று விளக்கம் கேட்டு மெமோ வரும். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஏ)வா 17(பி)யா என்ற பயத்தோடு பாடம் நடத்த முடியாது, ஐயா. அந்த பயம் இருக்கிற பள்ளியில் காய்ச்சலை மறைக்கத்தான் பார்ப்பார்கள், பிள்ளையும் மறைக்கும், ஆசிரியரும் மறைப்பார், தலைமை ஆசிரியரும் மறைப்பார். தொற்று வந்தது யாருடைய குற்றமும் இல்லை, சொல்லாமல் விட்டால்தான் தவறு என்று நீங்கள் அறிவித்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

சரி, இப்போது காற்று. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சென்ற ஒரு வாரமாக எங்கள் பள்ளியில் நடக்கும் வேலைகளைப் பார்க்கிறேன். பெஞ்சு துடைக்கிறோம், பிளீச்சிங் பவுடர் போடுகிறோம், கிருமிநாசினி அடிக்கிறோம், வாசலில் வட்டம் போடுகிறோம். தெர்மல் ஸ்கேனர் வந்திருக்கிறது. கை கழுவ சோப்பு வேண்டும், கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும், அதெல்லாம் கொரோனா இல்லாவிட்டாலும் வேண்டும். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பரவுவது பெஞ்சு வழியாக இல்லை. சென்ற வருடம் ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் சேர்ந்து காற்று வழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று எழுதினார்கள். இந்த ஏப்ரல் 30 அன்று உலக சுகாதார நிறுவனமே காற்றோட்டம் குறைந்த, கூட்டமான அறைகளில் நுண்துளிகள் காற்றில் மிதந்து ஒரு மீட்டரைத் தாண்டியும் பரவும் என்று தன் விளக்கத்தை மாற்றி எழுதியது. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் 61 பேர் ஓர் அறையில் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள், ஒருவருக்கு மட்டும் அறிகுறி இருந்தது, பிறகு 52 பேருக்குத் தொற்று வந்தது அல்லது வந்ததாகக் கருதப்பட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். பாடுவதும் உரக்கப் பேசுவதும் ஒன்றுதான், வாயிலிருந்து அதிகமாக வெளியே வரும். எங்கள் வேலையே உரக்கப் பேசுவது. ஒரு நாளைக்கு ஐந்து பீரியட், பாதிப் பாதியாகப் பிள்ளைகளைப் பிரித்தால் அதே பாடத்தை இரண்டு முறை. மாஸ்க் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்தினால் மதியத்துக்குள் துணி மாஸ்க் நனைந்துவிடும், நனைந்த மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவோம். ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் திறந்தபோது நானே அப்படிச் செய்தேன், மறைக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். ஒவ்வோர் ஆசிரியருக்கும் நல்ல மாஸ்க், முடிந்தால் என்95, மாதாமாதம் கொடுங்கள், அதோடு கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மைக் இருந்தால் கத்த வேண்டாம், கத்தாவிட்டால் மாஸ்க்கை இறக்க வேண்டாம். முகத்துக்கு முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் கண்ணாடி (ஃபேஸ் ஷீல்டு) வேண்டாம், அது பக்கவாட்டில் திறந்தே கிடக்கிறது.

தெர்மல் ஸ்கேனர் பற்றியும் ஒன்று. அறிகுறியே இல்லாத பிள்ளையை அது பிடிக்காது. காலையில் வாசலில் நின்று அதை நெற்றிக்கு நேரே பிடிக்கிற டீச்சர், அரை மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் முகத்துக்கும் ஒரு முழம் தூரத்தில் நிற்பார். அந்த வேலையை வெயில் படாத திறந்த இடத்தில், என்95 போட்ட ஒருவர் செய்யட்டும். அதே வேலையைத் தினமும் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம்.

எங்கள் பள்ளியில் மூன்று அறைகளில் ஜன்னல் திறக்காது. ஒன்றில் விலையில்லாப் புத்தகக் கட்டுகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. இன்னொன்றில் விலையில்லா மிதிவண்டிகள். மூன்றாவதில் ஜன்னல் கதவுகள் ஆணி அடித்து மூடியிருக்கின்றன, குரங்கு வருகிறது என்று எப்போதோ அடித்தது. இது எங்கள் பள்ளிக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை, பேசிப் பார்த்தால் எந்த ஊர் டீச்சரும் இதையே சொல்வார். ஸ்டாஃப் ரூமைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பீரோக்கள், ஒரே ஒரு ஜன்னல், மதியம் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம், ஒருவர் குழம்பை ஒருவர் வாங்கிக்கொள்வோம். பிள்ளைகளிடம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்களுக்குள் தொற்றிக்கொள்ள அந்த இருபது நிமிடம் போதும். சாப்பாட்டை வராண்டாவுக்கோ மரத்தடிக்கோ மாற்ற யாருடைய நிதியும் வேண்டாம்.

மரத்தடி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் மூன்றாம் வகுப்பு வரை வேப்பமரத்தடியில்தான் படித்தேன், கட்டடம் இல்லை. பிறகு டீச்சராக வந்தபோது மரத்தடி வகுப்பு என்றால் பள்ளிக்குக் கௌரவக் குறைச்சல், அதிகாரி வந்தால் உடனே பிள்ளைகளை உள்ளே ஓட்டுவோம். இன்றைக்கு அதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வகுப்பறை. மழை இல்லாத நாளில் முடிந்த வகுப்புகளை வெளியே நடத்தலாம், பார்வைக்கு வருகிற அலுவலர்கள் அதைக் குறையாக எழுத மாட்டார்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் அறைகளைச் சரி செய்யலாம்.

தடுப்பூசி பற்றி எழுதும்போது மனசு கனக்கிறது. தேர்தல் பணி என்றதும் எங்களை முன்களப் பணியாளர் என்றார்கள், அதனால் மார்ச்சில் எங்களுக்கு ஊசி கிடைத்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அன்றைக்கு இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தவர் எங்கள் பள்ளியில் ஒருவர்கூட இல்லை. மாலை 6 மணியிலிருந்து 7 மணி வரை தொற்று உள்ளவர்கள் வாக்களிக்கும் நேரம், பிளாஸ்டிக் உடைக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மே மாதம் எங்கள் தமிழ் ஐயா இறந்துபோனார். தேர்தல் பணியில்தான் அவருக்கு வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஆனால் அவர் மனைவி என்னிடம் கேட்ட கேள்வி, "அவர் டியூட்டியில இறந்தாரா இல்லையா டீச்சர், யார்கிட்ட கேட்கறது?" இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஊராட்சித் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள், ஊழியர்கள் 1,621 பேர் இறந்தார்கள் என்று ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது, அரசு 3 பேர் என்றது. வீட்டிலிருந்து கிளம்பித் திரும்புவதற்குள் இறந்தால்தான் பணியில் இறந்ததாகக் கணக்கு என்ற பழைய விதி. கொரோனா அப்படி அன்றைக்கே கொல்கிற நோயா? கடும் எதிர்ப்புக்குப் பிறகு, பணி நாளிலிருந்து 30 நாளுக்குள் கொரோனாவில் இறந்தாலும் கணக்கில் வரும் என்று மாற்றினார்கள். அத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்து கேட்ட பிறகு.

நாம் முன்னாடியே எழுதி வைத்துவிடலாம். பள்ளி திறந்திருக்கும் காலத்தில் தொற்று வந்து இறக்கிற ஆசிரியரும் ஊழியரும், நிரந்தரமோ தற்காலிகமோ, பணியில் இறந்தவராகவே கருதப்படுவார், வேறு சான்று கேட்கப்பட மாட்டாது. வாக்குச் சாவடிக்கு முன்களப் பணியாளர் என்றால் வகுப்பறைக்கும் முன்களப் பணியாளர்தான். ஆசிரியர் தினத்துக்குள் எல்லா ஆசிரியருக்கும் ஊசி போட மாநிலங்களுக்கு 2 கோடி கூடுதல் டோஸ் தருகிறோம் என்று மத்திய அரசு இந்த வாரம் சொல்லியிருக்கிறது, நல்லது, நன்றி. ஆனால் ஜூலை நடுவில் முதல் ஊசி போட்டவருக்குக் கோவிஷீல்டு இடைவெளி 12 வாரம் என்றால் இரண்டாவது ஊசி அக்டோபரில்தான். ஒரு ஊசி போட்டவரையும் இரண்டு போட்டவரையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிற படிவத்தை நான் நேற்று நிரப்பினேன். தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் போட்டவர்கள், கர்ப்பிணிகள், கீமோ முடித்தவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், இவர்களுக்கு இன்னும் சில வாரம் ஆன்லைன் வகுப்பைக் கொடுக்கலாம், வீட்டுக்குப் படிக்க அனுப்புகிற பாதிப் பிள்ளைகளுக்கு எப்படியும் ஒருவர் தேவைதானே.

நாளையும் நாளை மறுநாளும்தான் இருக்கிறது, இவ்வளவையும் அதற்குள் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். மைக்கும் மாஸ்க்கும் மெதுவாக வரட்டும், முதல் மாதம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். விடுப்பு பற்றிய அந்த ஒரு வரியும், மெமோ வராது என்ற ஒரு வரியும் செவ்வாய்க்கிழமைக்குள் வர வேண்டும். அப்புறம், அரசுப் பொருளை எடுத்து வேறு இடத்தில் வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதால், அந்தப் புத்தகக் கட்டுகளையும் மிதிவண்டிகளையும் மாற்றிக்கொள்ள ஓர் உத்தரவு. ஆணியைப் பிடுங்க எங்கள் வாட்ச்மேன் அண்ணன் தயாராக இருக்கிறார், தூக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர்