டிசம்பரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

நீ வெள்ளத்தையும் வரட்சியையும் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். போன கிழமை அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். 2004 சுமாத்திரா நிலநடுக்கமாம். "அம்மாவுக்குச் சொல்லாதே, மாமாவை நினைத்து அழுவா" என்றாயாம். அழுதேன்தான். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கணிதம் படிப்பித்தவளுக்கு மறைக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுத்தீர்களே, அதற்காகத்தான் கூட அழுதேன்.

சரி, அது போகட்டும். அண்ணன் அனுப்பிய கட்டுரைகளைக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டு ஒரு கிழமை வாசித்தேன். விளங்கியதை எழுதுகிறேன், பிழையென்றால் சிவப்பு மையால் திருத்து.

நீ பார்ப்பது, பூமியின் ஈர்ப்பை அளக்க 2002 மார்ச்சில் நாசாவும் ஜேர்மன்காரரும் சேர்ந்து அனுப்பிய கிறேஸ் என்ற இரட்டைச் செய்மதியின் அளவீடுகளை. சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில், ஒரே பாதையில், ஒன்றின் பின் ஒன்று. இடையில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். இந்த எண்ணைக் கண்டதும் அலுமாரியில் கிடந்த உன் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் இங்கே, என் தம்பி, உன் மாமா, அங்கே. பிறகு எனக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

முன்னால் போவது கனமான ஓரிடத்தை நெருங்கினால் அந்த இழுப்பில் வேகமெடுக்கும், இடைவெளி கூடும். அந்த இடத்தைத் தாண்டியதும் அதே இழுப்பு அதைப் பின்னுக்குப் பிடிக்கும். பின்னால் வருவதோ முன்னுக்கு ஓடிவரும், இடைவெளி குறையும். இந்தக் கூடலையும் குறைதலையும் நுண்ணலையால் ஒரு மைக்ரோமீற்றர் அளவுக்கு அளந்திருக்கிறார்கள். தலைமயிர் ஒன்றின் பருமனே அதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். மட்டக்களப்பில் ஒருவர் மயிரிழை அசைந்தால் வெள்ளவத்தையில் தெரியும் என்பதுபோல. இதை யோசித்துக்கொண்டிருந்ததில் பிளேன்டீ ஆறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏழு வயது. போயா நாள். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி கிழிந்தபோது நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். கிழிந்த நீளம் 1,200 கிலோமீற்றருக்கு மேல். நம் கிழக்குக் கரைக்கு அலை வர இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆனது. இந்தப் பக்கம் இன்னும் பிந்தித்தான் வந்தது. கடல் ஒரு நாளும் இல்லாத அளவு உள்வாங்கிக் கிடக்கிறது என்று நம் ஒழுங்கைப் பிள்ளைகள் கோச்சிப் பாதையைத் தாண்டி ஓடினார்கள். உன்னைச் சட்டையில் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மட்டக்களப்பு நவலடியில் மாமாவின் வீடு அதற்குள் போய்விட்டிருந்தது. இரண்டு மணித்தியாலம், பிள்ளை. ஒரு தொலைபேசி அழைப்புக்கு அது போதும். எவரும் அழைத்துச் சொல்லவில்லை.

அதனால் முதலில் வாசித்தபோது கோபம்தான் வந்தது. மேலே இரண்டு செய்மதி சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் அது காவல்காரன் வேலையில்லை, கணக்குப்பிள்ளை வேலை என்று விளங்கியது. ஒரு மாதம் சுற்றி அளந்தால்தான் உலகத்துக்கு ஒரு வரைபடம். முன்னூறு நானூறு கிலோமீற்றருக்குச் சின்னதான எதுவும் அதில் தெளிவாகத் தெரியாது. மிகப் பெரிய நிலநடுக்கங்கள் மட்டும்தான் அகப்படும்: 2010 சிலி, 2011 ஜப்பான்.

ஆனால் கணக்குப்பிள்ளை கண்டது சின்ன விஷயமில்லை. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹான் என்பவரின் குழு 2006இல் எழுதியதைப் பார். கடற்படுகை ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் தாழ்ந்ததோடு, பாறையே உள்ளுக்குள் விரிந்து அடர்த்தி குறைந்திருக்கிறது. அந்தமான் கடல் பக்கம் ஈர்ப்புக் குறைந்தது, சுமார் 15 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சின்ன அலகு). என் எடை 60 கிலோ (நேற்றுத்தான் பாமசியில் நிறுத்தேன்). அங்கே நின்றிருந்தால் என் எடையில் ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவாகக் குறைந்திருக்கும். ஒரு சீனிக்கல். அதை வானத்திலிருந்து நிறுத்திருக்கிறார்கள்! நடுக்கடலில் கருவி நட்டு வைக்க ஆள் இல்லாத இடத்தில். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக அந்த ஈர்ப்பு மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருந்ததாம், ஆழத்தில் சூடான பாறை நகர்ந்து நகர்ந்து இடம் பிடிப்பதால். நமக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது அதற்கு முடியவில்லை.

நம் தீவுக்குத் தெற்கே ஈர்ப்புக் குறைவால் கடல் மட்டமே 106 மீற்றர் பள்ளமாக இருக்கிறது என்றும் வாசித்தேன். இத்தனை காலம் காலிமுகத்திடலில் காற்று வாங்கியும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. ஜப்பான் நிலநடுக்கத்துக்குச் சில மாதம் முன்பே ஈர்ப்பில் அசைவு தெரிந்தது என்று 2018இல் ஒரு கட்டுரை. அடுத்த வருஷமே வேறு இருவர், மற்றக் காலங்களிலும் அந்த மாதிரி அசைவு வருகிறது, அதை முன்னறிகுறி என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பின்னவர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. வடகீழ்ப் பருவமழைத் தண்ணீரின் எடைகூட அந்த வரைபடத்தில் விழுகிறதே, அதையெல்லாம் கழித்த மிச்சத்தில்தானே தேடுகிறார்கள். ஊரில் யாரும், "இனி உங்கள் மகள் முன்கூட்டியே சொல்லுவா" என்று என்னிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நீயும் யாருக்கும் அப்படிச் சொல்லிவிடாதே.

இன்னொன்று. மாதத்துக்கு ஒரு வரைபடம் என்றால், 2004 டிசம்பரில் 25 நாள் நிலநடுக்கத்துக்கு முந்தியது, மிச்சம் பிந்தியது. இரண்டும் ஒரே சராசரியில் கலந்துவிடுமே. அந்த மாதத்தை முன்பக்கம் சேர்ப்பீர்களா, பின்பக்கமா, இல்லை எடுத்தே விடுவீர்களா? நானாயிருந்தால் எடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா